ஒரே விலையில் இரண்டு மின்கிதார்கள்: கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு எது?

முதல் மின்கிதாரை வாங்க முற்படுபவர், கடைகளிலும் இணையத்திலும் சில வாரம் விசாரித்த பிறகு, பெரும்பாலும் இரண்டு கருவிகளுக்கு நடுவில் வந்து நிற்கிறார்: ஒன்று யமஹாவின் பசிஃபிகா 112வி, மற்றொன்று ஸ்குவையரின் அஃபினிட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர். இந்தியச் சந்தையில் இரண்டின் விலையும் ஏறத்தாழ ஒரே வட்டத்துக்குள் அடங்குகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் ஒன்று சற்று இறங்கினால், அடுத்த சில வாரங்களில் மற்றதும் இறங்கிவிடும். உருவமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒப்பீடு என்பது மரத்தின் பெயர், காந்தத்தின் பெயர், பொத்தான்களின் எண்ணிக்கை என்று நீண்டு, கடைசியில் எந்த நிறம் கண்ணுக்குப் பிடித்தது என்பதில் போய் முடிகிறது. இத்தனை நெருக்கமான இரண்டு கருவிகளுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் தகுதி, விவரப் பட்டியலைக் காட்டிலும், கருவி வாசிக்கப்படப்போகும் இடத்துக்கே அதிகம் உண்டு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சிப்காட் ஆலைகளுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையில் அமைந்திருக்கும் கும்மிடிப்பூண்டியை அந்த இடமாக எடுத்துக்கொண்டால், மின்சாரம், காற்று, இசை ஆகிய மூன்றும் அங்கே கிதாரிடம் என்ன கேட்கின்றன என்பது தெளிவாகப் புலப்படும்.

இரண்டு கருவிகளும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர், தாம் கிதார் வாசிக்கத் தெரியாதவராக இருந்தும், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டார். பின்னாளில் உலகெங்கும் செய்யப்பட்ட மின்கிதார்களில் பெரும்பகுதி அதன் சாயலைக் கொண்டவை. ஸ்குவையர் என்பது மிச்சிகனில் கம்பி தயாரித்துவந்த ஒரு நிறுவனத்தின் பெயர். அதை 1965இல் வாங்கிய ஃபெண்டர், 1982இல் தன் விலைகுறைந்த, ஜப்பானில் செய்யப்பட்ட கிதார்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. யமஹாவின் பசிஃபிகா வரிசை 1990இல் தொடங்கியது. அதை வடிவமைத்த குழுவும் கலிஃபோர்னியாவில் இருந்ததுதான். சென்னைக்குத் தெற்கே யமஹாவுக்கு ஒரு தொழிற்சாலை இருப்பதால், பசிஃபிகா உள்ளூர்ச் சரக்கு என்று நினைப்போர் உண்டு. அங்கே செய்யப்படுபவை கீபோர்டுகளும், மின்சாரம் வேண்டாத சாதாரணக் கிதார்களும். பசிஃபிகா 112வி இந்தோனேசியாவிலிருந்தே வருகிறது. அஃபினிட்டியும் கடல் கடந்து வருவதுதான். ஆகவே நாட்டுப்பற்று இந்தத் தேர்வில் யாருக்கும் உதவாது.

பொதுவானவை பல. இரண்டிலும் நெக் எனப்படும் கழுத்து மேப்பிள் மரத்தால் ஆனது, உடலோடு திருகாணிகளால் இணைக்கப்பட்டது. கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். மூன்று பிக்கப்புகளும் அவற்றுள் எது ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஐந்து நிலைச் சுவிட்சும் உண்டு. வேறுபாடுகள் சில. பசிஃபிகாவில் 22 ஃபிரெட்டுகள், அஃபினிட்டியில் 21. பசிஃபிகாவின் விரற்பலகை தட்டையானது, அஃபினிட்டியினுடையது வளைந்தது. ஒன்றின் விரற்பலகை ரோஸ்வுட், மற்றதினுடையது இந்திய லாரல். எல்லாவற்றிலும் முக்கியமானது, பிரிட்ஜ் எனப்படும் பாலத்தின் அருகே அமைந்த பிக்கப்: பசிஃபிகாவில் அது இரட்டைச் சுருள், அஃபினிட்டியின் வழக்கமான வகையில் அது ஒற்றைச் சுருள்.

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுக் கம்பி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைய, சுருளில் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அந்தச் சுருளுக்குக் கிதார்க் கம்பியின் அசைவு எது, சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் காந்தப்புலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒரே மரியாதையுடன் வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும். இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளை முடிப்பதால், அந்த இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற படிகளில் எழுகிறது. மேடைக்காரர்கள் இதை ஹம்மிங் என்பார்கள். தடித்த கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் சுரம் 98 ஹெர்ட்ஸ் என்பதால், 100 ஹெர்ட்ஸ் ஹம்மிங் அதன் பக்கத்திலேயே, சுருதி சேராத தம்பூராவைப்போல, விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இதற்கு மாற்றாக 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் உருவாக்கியதே ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள்: இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் தலைகீழாக அமைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடி வெளிவரும்.

கும்மிடிப்பூண்டியில் கிதார் இரைந்தால், பழி உடனே ஆலைகளின் மீது விழுகிறது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றிலும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் பல. அவற்றில் இண்டக்ஷன் ஃபர்னஸ் எனப்படும் தூண்டல் உலைகள் இயங்குகின்றன. மின்வாரியத்திலிருந்து வரும் மாறுமின்சாரத்தைத் தைரிஸ்டர்களால் நேர்மின்சாரமாக்கி, பின்னர் அதை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றி உலைக்குக் கொடுக்கும் இந்த அமைப்பு, மின்னலையின் சீரான வடிவத்தைக் கலைத்து, 250, 350 ஹெர்ட்ஸ் போன்ற துணை அலைகளை மின்வழியில் கலக்கக்கூடியது. தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இருப்பதால், உயர் அழுத்தக் கோபுரங்களும் இந்த வட்டாரத்தின் நிலக்காட்சியில் ஓர் அங்கம். இவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டுக் கிதாரின் இரைச்சலுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் காந்தப்புலம் தூரத்தில் வேகமாக மெலிந்துவிடும் இயல்புடையது. மூன்று கட்ட மின்பாதையின் புலம் ஏறத்தாழத் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உலையைவிட, கிதார்க்காரரின் முழங்கைக்கு அருகே இருக்கும் அடாப்டரின் டிரான்ஸ்ஃபார்மர் பிக்கப்புக்குப் பெரிய தொல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் குற்றவாளிகளை வரிசைப்படுத்தினால், டிரையாக் வைத்த மின்விசிறி ரெகுலேட்டர், பழைய டியூப்லைட்டின் சோக், மடிக்கணினியின் சார்ஜர், பின்னர் எல்லாவற்றுக்கும் மேலாக இன்வர்ட்டர் என்று வரும். மின்வெட்டுக் காலங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் பரவிய இன்வர்ட்டர்களில் விலை குறைந்தவை ஸ்கொயர் வேவ் வகையைச் சேர்ந்தவை: சீராக ஏறி இறங்க வேண்டிய மின்னலையை அவை சதுரமாக வெட்டித் தருவதால், 150, 250, 350 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் அதில் குவிந்திருக்கும். கரண்ட் போய் இன்வர்ட்டர் எடுத்துக்கொண்ட நொடியில் மின்விசிறியே வேறு குரலில் முனகுவதைக் கேட்டவர்களுக்கு, பிக்கப் அதை எப்படிக் கேட்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து இரவு வீடு திரும்பி, அண்டை வீட்டாரை எழுப்பாமல் ஹெட்ஃபோனில் பயிற்சி செய்பவரின் காதுக்கு அந்த இரைச்சல் நேராகவே செல்கிறது.

மேடைக்கு வந்தால் நிலைமை இன்னும் கடுமை. ஆடி மாதத்து அம்மன் திருவிழாவில், ஜெனரேட்டரில் ஓடும் மெல்லிசைக் கச்சேரியில், மேடையைச் சுற்றிச் சீரியல் செட்டுகள் மினுங்க, டிம்மரில் கட்டிய ஃபோகஸ் விளக்குகள் ஏறி இறங்கும்போது, ஒற்றைச் சுருள் கிதாரை வைத்திருப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும். டிஸ்டார்ஷன் எனப்படும் முறுக்கிய ஒலியைப் பயன்படுத்தினால், சமிக்ஞை பலமடங்கு பெருக்கப்படுவதால் இரைச்சலும் அதே அளவு பெருகும். அந்த ஒலிக்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலத்தருகே உள்ள பிக்கப். பசிஃபிகாவில் ஹம்பக்கர் இருப்பதும் சரியாக அந்த இடத்திலேயே. இந்த ஒரு பொருத்தமே, மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்குத் தராசைச் சாய்க்கப் போதுமானது.

எனினும் விளம்பரத்தில் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. பசிஃபிகாவின் மற்ற இரண்டு பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள்களே; நெக் அருகே உள்ள பிக்கப்பைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால், அஃபினிட்டி இரையும் அளவுக்கு அதுவும் இரையும். அதன் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் துண்டிக்கப்பட்டு ஒற்றைச் சுருளாக மாறும் வசதி பெருமையாகச் சொல்லப்படுகிறது. குமிழை இழுத்த நொடியில் ஹம்மிங்கும் திரும்பிவருகிறது. ஆகவே தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு, மென்மையான, முறுக்கில்லாத ஒலியில், பெரும்பாலும் நெக் பிக்கப்பிலேயே வாசிப்பவருக்கு இந்த வகையில் பசிஃபிகா தரும் ஆதாயம் சொற்பம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார்கள் பலவற்றில் நடு பிக்கப் மற்றவற்றுக்கு எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கையில் இரைச்சல் தானே அடங்கிவிடும். கையிலுள்ள கருவியில் அப்படி இருக்கிறதா என்பதைச் சுவிட்சை நகர்த்திக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். அஃபினிட்டியிலும் பாலத்தருகே ஹம்பக்கர் வைத்த எச்எஸ்எஸ் வகை வருகிறது. அது கிடைத்தால் இரண்டுக்கும் இடையிலான தூரம் மேலும் குறுகி, அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிக்கோ காந்தமா, மலிவான செராமிக் காந்தமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அல்னிக்கோவின் ஒலி சற்று உருண்டையானது, செராமிக்கினுடையது சற்றுக் கூர்மையானது என்பது பொதுவான கருத்து; பத்து வாட் பயிற்சி ஆம்ப்பில் அந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

கிதாரின் உட்குழிவில் செம்புத் தாளை ஒட்டினால் ஹம்மிங் போய்விடும் என்ற அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது. மின்புலத்தால் வரும் சரசரப்பை அது குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்லும். இன்னொரு கைவைத்தியம் இதைவிட மோசமானது: எர்த் இணைப்பில் சுற்று ஏற்படுவதால் இரைகிறது என்று கருதி, ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடுவது. கிதாரின் கம்பிகள் பாலத்தின் வழியே ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால், வாசிப்பவரின் விரல்கள் நேராக மின்சாரத்தைத் தொடுகின்றன. 1972இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்ஸி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிதார்க் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால் மேடையிலேயே உயிரிழந்தார். கிதாரைப் பிடித்துக்கொண்டு பாடவும் செய்பவர், மைக்கின் ஒலிக்கலவைக் கருவியும் தம் ஆம்ப்பும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து மின்சாரம் பெறுவதை உறுதிசெய்துகொள்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை வீட்டில் பொருத்துவதும், எந்த பிக்கப் சிறந்தது என்ற விவாதத்தைவிட முந்தியவை.

இசையின் பக்கம் திரும்பினால், இந்தத் தேர்வில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. மின்கிதாரில் கர்நாடக இசையை வாசிக்கலாம் என்பதை 1980களில் சென்னை மேடைகளில் சுகுமார் பிரசாத் காட்டினார், ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா அதைப் பல நாடுகளின் மேடைகளுக்குக் கொண்டுசென்றார், மின்மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் செய்தது அனைவரும் அறிந்ததே. இந்த வாசிப்பின் உயிர் கமகத்தில் இருக்கிறது: ஒரு சுரத்தை நேராக நிறுத்தாமல், கம்பியை ஃபிரெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்தும், ஒரு ஃபிரெட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரலைச் சறுக்கியும், அடுத்த சுரங்களைத் தொட்டு அசைப்பது. சாதாரண ராக் இசையில் கம்பியை ஒரு முழுச்சுரம் இழுத்தால் போதும். கமகத்தில் இழுப்பு அதைவிட நீளலாம், அடிக்கடியும் நிகழும்.

இங்கேதான் விரற்பலகையின் வளைவு தன் வேலையைக் காட்டுகிறது. விரற்பலகையின் குறுக்குவெட்டை ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில்லாகக் கொண்டால், அந்த வட்டத்தின் ஆரம் அஃபினிட்டியில் 241 மில்லிமீட்டர், பசிஃபிகாவில் 350 மில்லிமீட்டர். ஆரம் பெரிதாகப் பெரிதாகப் பலகை தட்டையாகிறது. வளைந்த பலகையில், ஓரத்திலிருக்கும் மெல்லிய கம்பியை நடுவை நோக்கி இழுக்கும்போது, அது மேட்டின் மீது ஏறுகிறது. அப்போது முன்னாலுள்ள உயரமான ஃபிரெட்டுகளில் கம்பி தட்டி, சுரம் பாதியிலேயே அடங்கிப்போகும். இதைத் தவிர்க்கக் கம்பியின் உயரத்தை, வாசிப்பவர்கள் ஆக்ஷன் என்று சொல்வதை, சற்றுக் கூட்ட வேண்டும். கூட்டினால் விரலுக்கு உழைப்பு கூடும். தட்டையான பலகையில் ஆக்ஷனைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே நீளமாக இழுக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மீதும் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பார் கார்டுகளுக்கு, விரலின் இயல்பான வளைவோடு ஒத்துப்போகும் 241 மில்லிமீட்டர்ப் பலகை இதமானது. கீர்த்தனையோ, இளையராஜா பாடல்களின் இடையிசையில் வரும் தனிக் கிதார்ப் பகுதிகளோ வாசிக்க விரும்புபவருக்குப் பசிஃபிகாவும், பாடலுக்குக் கார்டு பிடித்துத் தாளம் தர விரும்புபவருக்கு அஃபினிட்டியும் கைக்குப் பொருந்துவதற்குக் காரணம் இந்த வளைவே. நட் எனப்படும் மேற்பாலத்தில் ஒன்று 41 மில்லிமீட்டர் அகலம், மற்றது 42. ஒரு மில்லிமீட்டரில் வேறுபாட்டை உணரும் கை, இந்த ஒப்பீட்டைப் படிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தேர்ந்திருக்கும்.

இனி காற்று. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரமும், மே மாதத்தில் திருவள்ளூர்ப் பக்கம் அடிக்கும் வறண்ட வெயிலும் ஒரே மரத்தின் மீது ஓராண்டுக்குள் வந்து போகின்றன. கழுத்தின் மீது ஆறு கம்பிகளும் சேர்ந்து செலுத்தும் இழுவிசை, மெல்லிய 9 எண் கம்பிகளில்கூட 40 கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்தினுள்ளே ட்ரஸ் ராட் எனப்படும் எஃகுத் தண்டு இருக்கிறது. மரம் ஈரத்தை வாங்கி உப்பும்போதும் காய்ந்து சுருங்கும்போதும் கழுத்தின் வளைவு மாற, பொங்கல் வரை இதமாக இருந்த ஆக்ஷன் சித்திரையில் இரைந்து தட்டத் தொடங்கும். கடையின் குளிர்சாதன அறையில் மாதக்கணக்கில் இருந்த கிதாரில் விரற்பலகை சுருங்கி, ஃபிரெட்டின் உலோக முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறுவதும் உண்டு.

விரற்பலகை மரங்களின் கதையில் தமிழ்நாட்டு வாசகருக்கு ஓர் எதிர்பாராத உறவு இருக்கிறது. ரோஸ்வுட் என்று கிதார் உலகம் அழைக்கும் இனங்களுள் புகழ்பெற்ற ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே இயற்றியது. இதே இனம் ஜாவாவிலும் வளர்கிறது. 2017 ஜனவரியில், உலகளாவிய வனவுயிர் வணிக ஒப்பந்தம் ரோஸ்வுட் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்ததும், விற்பனைக்காக எல்லை கடக்கும் ரோஸ்வுட் கிதார்களுக்குச் சான்றிதழ் தேவைப்பட, பல நிறுவனங்கள் மாற்று மரம் தேடின. அப்போது முன்னுக்கு வந்தவற்றுள் ஒன்று இந்திய லாரல் என்ற வணிகப் பெயர் கொண்ட கருமருது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்த பிறகும், ஸ்குவையர் கருமருதோடு தங்கிவிட்டது. ஒலியில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு கிடையாது. கருமருதுப் பலகை புதிதில் வெளிறி வறண்டு தோன்றும். ஆண்டுக்கு ஓரிரு முறை சில சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் கறுத்து அழகாகிவிடும். உடல் மரத்தைப் பற்றி, ஒன்று ஆல்டர், மற்றது பாப்லர் என்பதற்குமேல் நீட்ட இங்கே தேவையில்லை. அஃபினிட்டியின் உடல் மெல்லியது, தோளுக்கு இலகுவானது என்பது மட்டும் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கும் கல்யாணக் கச்சேரிக்காரரின் கவனத்துக்குரியது.

இரண்டிலும் டிரெமோலோ எனப்படும் அசையும் பாலம் உண்டு. தண்டை அழுத்தினால் எல்லாக் கம்பிகளும் ஒருங்கே தளர்ந்து சுரம் தாழும். இந்த விலையில் வரும் எந்த டிரெமோலோவும் சுருதியைக் காப்பாற்றுவதில் நம்பத்தகுந்ததல்ல. பின்புறத் தகட்டைத் திறந்து, சுருள்வில்களைப் பிடிக்கும் திருகாணிகளை இறுக்கி, பாலம் உடலோடு படிந்து நிற்கும்படி செய்துவிட்டால், வித்தை ஒன்று குறைந்தாலும் சுருதி நிலைக்கும். பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க நேரமில்லாத மேடையில் அது நல்ல பண்டமாற்று.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, மின்ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி அண்ணா சாலைக் கடைகளுக்குப் போகும்போது, தேர்வின் கடைசிக் கட்டம் தொடங்குகிறது. 1842இல் தோன்றிய மியூசி மியூசிகல் போன்ற கடைகள் அங்கே இருப்பதால், கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க இடமிருக்கிறது. இணையத்தில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கிதார்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு, வேறு வேறு மாதிரிகளுக்கு இடையிலுள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை அங்கே காணலாம். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், அது ஒரு நேர்கோல் ஆகிவிடும். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுகளுக்கு மேலே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி இருந்தால் கழுத்து நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். கம்பியின் சரிபாதியான 12ஆம் ஃபிரெட்டில், விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும், அழுத்தி எழுப்பும் சுரமும் ஒத்திருக்க வேண்டும். சற்று விலகினால் பாலத்தின் திருகாணியால் சரிசெய்யலாம், திருகாணி முடிவுக்கு வந்தும் சேரவில்லையென்றால் விட்டுவிடலாம். மெல்லிய கம்பியை 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே ஒவ்வோர் இடத்திலும் முழுச்சுரம் இழுத்துப் பார்த்தால், அடங்கும் இடங்கள் தாமே தெரியவரும்.

பிறகு ஆம்ப்பை இயக்கி, வால்யூமை முழுதாகத் திறந்து, கம்பிகளைத் தொடாமல் ஐந்து நிலைகளிலும் சுவிட்சை நகர்த்திக் கேட்க வேண்டும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இணைப்புகள் சரி. தொட்டதும் கூடினால் உள்ளே வயரிங் கோளாறு. நின்ற இடத்திலேயே கிதாரை மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு திசையில் ஹம்மிங் வெகுவாக அடங்கும். ஒற்றைச் சுருளோடு வாழ முடிவெடுத்தவர் வீட்டிலும் மேடையிலும் தேடிக்கொள்ள வேண்டிய திசை அது. கடையின் மின்சாரம் வீட்டின் மின்சாரமன்று என்பதால், முடிந்தவர்கள் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒற்றைச் சுருள் கிதார் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கி, இன்வர்ட்டரில் ஓடும்போதும் ஓடாதபோதும் தம் அறையில் வைத்துக் கேட்ட பிறகு கடைக்குப் போவது நல்லது. ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரை மாற்றும் எண்ணமில்லாத வீட்டுக்கும், திருவிழா மேடைக்கும், கமகத்துக்கும் பசிஃபிகா 112வியே இக்கட்டுரையின் தெரிவு. தேவாலயக் கார்டுகளுக்கும் தோள்வலிக்காரர்களுக்கும் அஃபினிட்டி. ஆனால் அன்று கடையில் இருக்கும் ஒரே பசிஃபிகாவின் கழுத்து கோணியிருந்து, பக்கத்தில் தொங்கும் அஃபினிட்டி எல்லாச் சோதனைகளிலும் தேறினால், மேலே சொன்ன காரணங்களை ஒதுக்கிவிட்டு அந்த அஃபினிட்டியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சரக்கு வரும்வரை பொறுக்கக்கூடியவருக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்ரயிலில் இன்னொரு முறை வந்துபோகும் செலவு ஒரு செட் கம்பியின் விலையைவிடக் குறைவு.